லயமும் மனையும்: கேமரன் மலைத் தோட்டத்து இளையோர் குடியிருப்பு வரலாறு

மலாயாத் தோட்டத் தொழிலாளரின் வரலாறு பெரும்பாலும் கூலியின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நாட்கூலி எவ்வளவு, எந்த ஆண்டில் எத்தனை காசு உயர்ந்தது, எந்த வேலைநிறுத்தத்தின் பயனாய் உயர்ந்தது என்பனவெல்லாம் ஓரளவு பதிவாகியுள்ளன. அத்தொழிலாளி இரவில் எங்கே தலைசாய்த்தான், அவ்விடம் யாருக்கு உரியது, அவன் மகன் வளர்ந்து ஆளானபின் எங்கே தலைசாய்ப்பான் என்னும் வினாக்களை எழுப்பினோர் சிலரே. வீடற்ற இளைஞர் என்றதும் நகரத்து நடைபாதையும் பேருந்து நிலையமும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயினும் தோட்டத்து இளைஞனின் வீடின்மை நடைபாதையில் தொடங்குவதன்று. கூரையும் சுவரும் செவ்வையாய் உள்ள ஒரு வீட்டில், அவன் பிறந்த அன்றே அது தொடங்கிவிடுகின்றது. இதனை விளங்கிக்கொள்ளப் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையை விடச் சிறந்த இடம் மலேசியாவில் இல்லை எனலாம்.

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப்பகுதியைக் கண்டு குறிப்பெழுதினார். செமாய் முதலிய பூர்வகுடிகள் அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அங்கு வாழ்ந்து வந்தனர் என்பதை மறத்தலாகாது. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அங்குச் சென்று வந்தபின்னரே அரசு அவ்விடத்தில் கருத்தூன்றிற்று. தாப்பாவிலிருந்து மலையேறும் சாலை 1931இல் முடிவுற்றது. அதற்கு முன்பே, 1929இல், ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் இலங்கையில் தேயிலைப் பயிரில் பழகிய ஏ. பி. மில்ன் என்பவரைத் துணையாகக் கொண்டு போ தோட்டத்தைத் தொடங்கினார். ஒரு நீராவி உருளை, சில கோவேறு கழுதைகள், எண்ணிறந்த மனிதக் கைகள் ஆகியவற்றைக் கொண்டே காடு திருத்தப்பட்டது என்பர். 1933இல் பாரத் தோட்டம் தோன்றிற்று. சுங்கை பாலாஸ், புளூ வேலி முதலிய பெயர்களும் தமிழர் வாயில் பழகிய பெயர்களாயின. உருளைக்கும் கழுதைக்கும் நிறுவன வரலாற்றில் இடமுண்டு. கைகளுக்கு உரியோர் பெயர் அதில் இல்லை.

அக்கைகள் இரவில் ஓய்ந்த இடம் லயம். ஆங்கிலத்தில் வரிசையைக் குறிக்கும் 'லைன்' என்னும் சொல்லே தமிழ்த் தொழிலாளர் நாவில் லயமாயிற்று. படைவீரர்க்கு வரிசையாய்க் கட்டப்படும் கொட்டடிகளுக்கு வழங்கிய சொல் அது. குடும்பம் வாழும் இடத்துக்குப் படைக்கொட்டடியின் பெயர் வந்ததில் ஒரு பொருத்தம் இருந்தது. படைவீரன் பணியிலிருக்கும் வரையில்தான் கொட்டடியில் இருக்கலாம். லயமும் அவ்வாறே உழைப்புக்குத் தரப்பட்ட கருவி. மண்வெட்டியும் கொழுந்துக் கூடையும் போல, வேலை முடிந்தால் திருப்பித் தரவேண்டிய பொருள். பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது மறுமொழி சொல்ல ஆளில்லாத வீட்டுக்கு லயத்தில் இடமில்லை.

இந்நிலையைச் சட்டம் கண்டிக்கவில்லையா என்னும் வினா எழும். சட்டம் பலமுறை தலையிட்டது. ஆனால் வேறொரு நோக்கோடு தலையிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சலால் மாண்டோர் தொகை அரசை அஞ்சச் செய்தது. கிள்ளானில் மருத்துவர் மால்கம் வாட்சன் 1901 முதல் சதுப்புநீரை வடித்து நோயைக் குறைத்துக் காட்டினார். அக்காலத்து அரசு தோட்டத்து வீட்டை ஒரு நலவாழ்வுச் சிக்கலாகவே கண்டது. கூட்டு மலாய் நாடுகளின் 1912, 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் குடியிருப்பு, குடிநீர், மருத்துவம் ஆகியவை பற்றிக் கட்டளையிட்டன. கூரை ஒழுகலாகாது, சாக்கடை தேங்கலாகாது என்றெல்லாம் கேட்ட சட்டம், அவ்வீடு யாருடையது என்று மட்டும் கேட்கவில்லை. அன்று தொடங்கிய இந்த மௌனம் நூறாண்டு கடந்தும் நீடித்தது.

1923ஆம் ஆண்டுத் தொகுப்பில் தமிழாசிரியர்கள் நன்கறிந்த ஒரு விதி உண்டு. ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் முதலாளி பள்ளி வைத்துத் தரவேண்டும் என்பது அது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் வேர் இவ்விதியிலேயே உள்ளது. அவ்வகையில் நன்றி பாராட்டத்தக்கதே. ஆயினும் அவ்விதி ஒரு வயதுக்கோட்டையும் வரைந்துவிட்டது. பதினான்கு வரை பள்ளிப்பிள்ளை, அதன்பின் தொழிலாளி. இடையில் வேறு பருவமில்லை. நம் பாட்டியல் நூலார் பெண்டிர் பருவத்தைப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழாகவும், ஆடவர் பருவத்தைப் பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன் என ஏழாகவும் பகுத்துக் கண்டனர். தோட்டத்துச் சட்டத்துக்கோ பாலனும் கூலியாளும் ஆகிய இருவரே தெரியும். கல்வியைத் தொடரவோ வேறு தொழில் கற்கவோ விரும்பும் பதினேழு வயதுக் காளைக்கு லயத்தில் பெயரில்லை. அவன் தந்தையின் பெயருக்குக் கீழே தங்கியிருப்பவன், அவ்வளவே.

தொடக்கக் காலத்தில் இக்குறை பெரிதாய்த் தோன்றாமைக்கு ஒரு காரணமுண்டு. தமிழ்த் தொழிலாளிக்கு வீடு தமிழ்நாட்டில் உள்ளது, இங்கு உள்ளது தங்குமிடமே என்று அரசும் முதலாளியும் கருதினர். தொழிலாளரிற் பலரும் அவ்வாறே கருதினர். வேலை போனால் கப்பல் இருந்தது. 1930 முதல் 1932 வரையிலான பொருளாதார வீழ்ச்சியின்போது ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் மலாயாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டனர். வீடிழந்தோர்க்கு அன்றைய அரசு கண்ட விடை கப்பற் சீட்டு. கேமரன் மலையில் தேயிலை வேர்பிடித்ததும் இதே ஆண்டுகளில்தான். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது. அதன்பின் லயத்தில் பிறந்து வளர்ந்தோர் தொகை ஏறிக்கொண்டே சென்றது. அவர்களிற் பலர் தமிழகத்தைக் கண்ணாலும் கண்டிலர். கப்பல் என்னும் விடை பொருளற்றுப் போனபின்னும், அதனை நம்பி எழுதப்பட்ட வீட்டுமுறை மாறவில்லை.

சப்பானியர் ஆட்சிக்காலம் இம்முறையின் கொடுமையை வெளிப்படுத்திற்று. சயாம் மரண இரயில்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களிற் பல்லாயிரவர் மீளவில்லை. உழைப்போனுக்கென்று தரப்பட்ட வீட்டில் உழைப்போன் இல்லாமற் போனான். தாயும் பிள்ளைகளும் மிஞ்சினர். தாயும் மாண்ட இடங்களில் பிள்ளைகளே மிஞ்சினர். தோட்டத் தமிழரிடையே ஆதரவற்ற இளையோர் என்னும் சிக்கல் பெருமளவில் கண்ணிற்பட்டது இக்காலத்திலேயே. சுவாமி சத்தியானந்தர் 1949இல் கோலாலம்பூரில் தொடங்கிய சுத்த சமாஜம் ஆதரவற்ற பிள்ளைகளை ஏற்று வளர்த்தது. தனியார் அறம் செய்ததை அரசு சட்டமாக்கியிருக்கலாம்; ஆக்கவில்லை.

அடுத்து வந்த அவசரகாலம் வரலாற்றாசிரியர்கள் ஆழ்ந்து நோக்கவேண்டிய ஒரு வேறுபாட்டைக் கேமரன் மலையிலேயே விட்டுச் சென்றுள்ளது. 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி, காட்டோரங்களில் வாழ்ந்த ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள், பெரும்பாலும் சீனர், புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். ரிங்லெட், பெர்த்தாம் வேலி, திரிங்காப், கோலா தெர்லா, கம்போங் ராஜா ஆகியவை அவ்வாறு அமைந்த ஊர்கள். முள்வேலியும் ஊரடங்கும் இருந்தன. துன்பம் மிகுதியும் இருந்தது. ஆயினும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் எண்ணிட்ட ஒரு மனை கிடைத்தது. முதலில் தற்காலிக உரிமமாகவும் பின்னர்ப் பல இடங்களில் குத்தகையாகவும் அம்மனை குடும்பத்தின் பெயரில் நின்றது. தோட்டத் தொழிலாளரையும் அதே காலத்தில் அரசு ஒன்றுதிரட்டிற்று. அவர்கள் தொகையும் புதுக்கிராமத்தார் தொகைக்குக் குறைந்ததன்று. ஆனால் அவர்களைத் தோட்டத்து நிலத்திலேயே லயங்களை நெருக்கி வேலியிட்டு வைத்தனர். வேலி இருவர்க்கும் பொது; மனை ஒருவர்க்கே. வேலி அகன்றபின் புதுக்கிராமத்து மகன் தந்தையின் மனையில் கடை வைத்தான், காய்கறி பயிரிட்டான், மாடி கட்டினான். லயத்து மகனுக்கு வேலி மட்டுமே அகன்றது.

விடுதலைக்குப் பின் இரப்பர்த் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்கும் 'துண்டாடல்' பெருகியபோது இவ்வுண்மை சமவெளியில் வெடித்தது. அங்கு அசீஸ் தலைமையில் மலாயாப் பல்கலைக்கழகத்தார் 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலை ஆராய்ந்து எழுதிய அறிக்கை அதன் அளவை நாட்டுக்கு உணர்த்திற்று. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாய்த் திரட்டி, கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை 1961இல் வாங்கிய செய்தி தமிழர் வரலாற்றில் பொன்னெழுத்தால் பொறிக்கத்தக்கது. எனினும் அதன் எல்லையையும் நேர்மையாகக் கூறவேண்டும். சங்கத்தால் தொழிலாளி தோட்டத்தின் பங்காளி ஆனான்; தான் குடியிருந்த வீட்டின் உரிமையாளன் ஆகவில்லை. வேலையைக் காப்பதே அன்றைய அவசரம். வீட்டை வேலையிலிருந்து பிரித்தல் அடுத்த படியாக இருந்திருக்க வேண்டும். அப்படியில் கால்வைக்கும் முன் காலம் மாறிற்று.

1966இல் தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கும் சட்டம் நிறைவேறியது. 1990இல் அதற்கு மாற்றாக வேறொரு சட்டம் வந்தது. 2019இல் அது திருத்தப்பெற்று, 2020 ஜூன் முதல் பிற தொழில்களுக்கும் விரிந்தது. அறையின் பரப்பு, தண்ணீர், மின்சாரம், குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றில் இவற்றால் விளைந்த நன்மை சிறிதன்று. ஆயினும் 1912இல் கேட்கப்படாத வினா 2019இலும் கேட்கப்படவில்லை. வேலை செய்யும் வரையில் வீடு எப்படி இருக்கவேண்டும் என்று சட்டம் விரித்துரைக்கின்றது. வேலை முடிந்த மறுமாதம் அக்குடும்பம் எங்கே இருக்கவேண்டும் என்பது அதன் கவலையன்று.

இதற்கிடையில் 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதோர் வேலை உரிமச் சீட்டு பெறவேண்டும் என்ற அதன் விதி 1969க்குப் பின் கடுமையாக நடைமுறைக்கு வந்தபோது, ஏறத்தாழ அறுபதாயிரம் இந்தியத் தொழிலாளர் நாட்டைவிட்டுச் சென்றனர் என்பது பலரும் எடுத்துரைக்கும் கணக்கு. இங்கேயே பிறந்தும் தாளில்லாத பிள்ளைகள் அக்குடும்பங்களில் இருந்தனர். பிறப்புச் சான்று, அடையாள அட்டை ஆகியவை இன்றிப் பின்தங்கியோரின் துயரம் அடுத்த தலைமுறைக்கும் தொடர்ந்தது. தாளில்லாத இளைஞனுக்கு அரசு வீட்டு விண்ணப்பமும் எட்டாத பொருள்.

நிலமற்றோர்க்கு நிலம் வழங்க அரசுக்கு வழி தெரியாமலில்லை. 1956இல் அமைந்த பெல்டா வாரியம் காட்டைத் திருத்தி, குடியேறிய குடும்பத்துக்கு வீடும் தோட்டப் பங்கும் வழங்கிற்று. அதன் பெரும் திட்டங்களுள் ஒன்றாகிய ஜெங்கா முக்கோணம் இதே பகாங் மாநிலத்தில் உள்ளது. அக்குடியேற்றங்களில் பிள்ளைகள் வளர்ந்து, ஒரு வீட்டில் இரு குடும்பம் நெருக்குண்டபோது, இரண்டாம் தலைமுறைக்கென்றே தனி வீட்டுத் திட்டம் வகுக்கப்பட்டது. இளையோர் குடியிருப்பு என்னும் கருத்தை அரசு ஏற்றுக்கொண்டதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. அக்குடியேறிகளுள் இந்தியர் மிகச் சிலரே. தோட்டம் தனியார் நிலம் என்னும் ஒரே காரணத்தால் கிராம வளர்ச்சித் திட்டங்களின் பணமும் நெடுங்காலம் லயத்தின் வாயிலுக்கு வரவில்லை.

1980க்குப் பின் சமவெளித் தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் குழிப்பந்துத் திடல்களாகவும் மாறின. புத்ராஜெயா எழுந்த இடத்திலிருந்த பெராங் புசார் முதலிய தோட்டங்களின் மக்கள் டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் பெயர்ந்த வரலாறு யாவரும் அறிந்தது. பெயர்ந்தோரிற் பலர் நகரங்களின் புறம்போக்குக் குடியிருப்புகளில் ஒதுங்கினர். 2017இல் வெளியான மலேசிய இந்தியர் வரைவுத் திட்டமும் தோட்டத்தினின்று பெயர்ந்தோரின் நிலையைத் தனியே எடுத்துப் பேசவேண்டியதாயிற்று.

கேமரன் மலையில் நிகழ்ந்தது வேறு வகை. அங்குத் தேயிலை அழியவில்லை. சுற்றுலாவால் அதன் புகழ் ஏறவே செய்தது. மாறியவர்கள் ஆட்களே. கையால் கொழுந்து கிள்ளிய இடத்தில் கத்தரியும் பின்னர்ப் பொறியும் வந்தன. தமிழர் இருந்த வரிசைகளில் வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் இன்று பெருகியுள்ளனர். தந்தை ஓய்வுபெறும் நாளில் வீட்டைத் திருப்பித் தருதல் தோட்டங்களின் பொதுவழக்கு. குடும்பத்தில் ஒருவரேனும் தோட்ட வேலையில் இருந்தால் வீடு தங்கும். ஆதலின் பள்ளியிறுதித் தேர்வில் தேறிய மகனுக்கு முன் இரண்டு வழிகள் நிற்கின்றன. அவன் கூடையையோ பொறியையோ ஏற்றுப் பெற்றோரின் கூரையைக் காக்கலாம். அல்லது தன் படிப்பைக் காத்துக் கூரையை இழக்கலாம். பதினெட்டு வயதில் ஒருவன் மீது சுமத்தப்படும் இத்தேர்வு எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாதது. தோட்டத்தை விட்டு மலையிலேயே தங்கலாம் என்றால், விடுதிகளாலும் காய்கறிப் பண்ணைகளாலும் நிலவிலை ஏறிய ஊர் அது. சுற்றிலும் சரிவும் காப்புக்காடும். ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ இறங்குதலே மிஞ்சும். அங்கே வேலையும் அறையும் ஒருசேர அமைந்தால் நலம். அமையாவிடில், அவனைச் சந்திக்கும் சட்டம் 1977ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டம். தெருவில் இருப்போரைப் பிடித்து நலவிடுதிக்கு அனுப்ப அது அதிகாரம் தருகின்றது. அவன் ஏன் தெருவுக்கு வந்தான் என்று அது கேட்பதில்லை.

இத்தனை சட்டங்களும் ஒரே இடத்தில் ஊமையாவதற்குக் காரணம் அரசியலமைப்பிலேயே உள்ளது. தொழிலாளர் நலம் கூட்டரசின் கையில். நிலம் மாநிலத்தின் கையில். கோலாலம்பூரில் இயற்றப்படும் தொழிற்சட்டம் சுவரின் உயரத்தைக் கூறலாம், சுவர் நிற்கும் மண்ணைத் தரமுடியாது. மண்ணைத் தரக்கூடிய பகாங் மாநில அரசுக்கோ தொழிலாளர் பொறுப்பு இல்லை. இவ்விரு கைகளும் சேராத இடைவெளியிலேயே லயம் நூறாண்டு நின்றது. முதலாளிமாரின் நன்மை தீமையை மட்டும் பேசுவோர் இதனைக் காணத் தவறுகின்றனர். நல்ல முதலாளியும் நல்ல லயத்தைக் கட்டலாம். லயத்தை மனையாக்கும் கடமையை எந்தச் சட்டமும் அவர்மேல் வைக்கவில்லை.

தேயிலையை நம்பிய பிற தமிழரின் அனுபவமும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. இலங்கை மலையகத்தில் குடியுரிமை இழப்பு, நாடு கடத்தல் என எத்தனையோ கொடுமைகள் நிகழ்ந்தபின், அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச் நிலமும் தனிவீடும் என்ற கொள்கை உருப்பெற்றது. இந்திய உதவியுடன் நாலாயிரம் வீடுகள் கட்டும் திட்டமும், 2017இல் மேலும் பத்தாயிரம் வீடுகளுக்கான அறிவிப்பும் வந்தன. பணி மெல்ல நடப்பதாய்க் குறைகூறப்படினும், வேலையையும் வீட்டையும் பிரித்த கொள்கை அது. மறுபுறம், திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலை. 1929இல் சிங்கம்பட்டி சமீன்தாரிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற மலை அது. குத்தகை 2028இல் முடியவிருந்த நிலையில், 2024இல் நிறுவனம் விருப்ப ஓய்வை அறிவித்து வெளியேறத் தொடங்கியது. அரசுத் தேயிலைக் கழகம் தோட்டத்தை ஏற்று நடத்தவேண்டும் என்று தொழிலாளர் தரப்பில் வைத்த கோரிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் ஏற்கவில்லை. நான்கைந்து தலைமுறை பிறந்த வீடுகளில் ஒன்றேனும் அங்கு வாழ்ந்தோர் பெயரில் இல்லை. போ தோட்டம் தொடங்கியதும் மாஞ்சோலைக் குத்தகை எழுதப்பட்டதும் ஒரே ஆண்டு என்பது தற்செயலே. ஆயினும் கேமரன் மலையார் அதனைக் கருதிப் பார்த்தல் நன்று.

மாற்றத்துக்குப் புதிய சட்டம் எதுவும் வானத்திலிருந்து இறங்கவேண்டியதில்லை. துண்டாடலைக் கட்டுப்படுத்தும் பொருட்டு 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச்சட்டத்தில் பின்னர்ச் சேர்க்கப்பட்ட 214அ பிரிவு, நாற்பது ஹெக்டாருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்றத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்கின்றது. நிலத்தின் பயன்பாட்டை மாற்றவும் மாநில அரசின் இசைவு வேண்டும். ஆக, மாநிலத்தின் கையெழுத்து இல்லாமல் பெருந்தோட்டம் எதுவும் கைமாறாது. அக்கையெழுத்துக்கு முன், தோட்டத்தில் வாழும் குடும்பங்களுக்கும், அங்குப் பிறந்து பதினெட்டு நிரம்பிய இளையோர்க்கும் அருகிலேயே மனை ஒதுக்கவேண்டும் என்று ஒரு விதியை எழுதினால் போதும். கைமாறாத கேமரன் மலைத் தோட்டங்களுக்கு மற்றொரு வழி உண்டு. மாநில அரசு ரிங்லெட், தானா ராத்தா ஊர்களை ஒட்டி நிலம் ஒதுக்கவும், கூட்டரசு பெல்டாவின் இரண்டாம் தலைமுறைக்குக் கட்டியதுபோல் வீடு கட்டவும் வேண்டும். அவ்விண்ணப்பத்தில் இளைஞனைத் தந்தையின் பெயருக்குக் கீழே எழுதாமல் தனிப்பெயராக எழுதுதல் இன்றியமையாதது.

இதில் தமிழ்ப்பள்ளியும் அடங்கியுள்ளது. 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறக்குறைய 530. குறைந்தவற்றுட் பெரும்பாலானவை தோட்டப் பள்ளிகள். போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி ஆகிய தோட்டங்களின் பெயரைத் தாங்கிய பள்ளிகள் கேமரன் மலையில் உள்ளன. அயல்நாட்டிலிருந்து குடும்பமின்றி வரும் தொழிலாளியால் பள்ளிக்குப் பிள்ளை வராது. அவனும் பெரும்பாலும் இருபது வயதினனே. அவன் படுக்கையும் அவன் வேலை உரிமச் சீட்டோடு கட்டுண்டதே. மலைமேல் தமிழ்க் குடும்பம் நிலைத்தாலன்றி அப்பள்ளிகளின் வருகைப் பதிவேட்டில் புதுப்பெயர் ஏறாது. பள்ளி மேலாளர் வாரியங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் கட்டட நிதிக்கு எழுதும் விண்ணப்பங்களோடு, தம் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தோருள் எத்தனை பேரின் குடும்பம் அதே தோட்டத்தில் இன்னும் வாழ்கின்றது, எத்தனை பேர் எவ்வூர்க்குச் சென்றனர் என்னும் கணக்கையும் சேர்த்து மாநில நில அலுவலகத்துக்கு அனுப்பலாம். அக்கணக்கைத் தரக்கூடியவை பள்ளிகளின் பழைய பதிவேடுகளே.